அப்பாவின் சட்டைப் பையில் இருந்த பேட்டரி

2008ஆம் ஆண்டு, யுத்தத்தின் கடைசிக் காலம். ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. நான் பலாங்கொடையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கிற வேலை செய்துகொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கால் முடியாமல் போனதால் வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருந்தால் வேலையை வீட்டுக்கே தருகிறேன் என்றார் முதலாளி.

வீடியோ வேலைக்கு வேகமான கம்ப்யூட்டர் வேண்டும். வேகமானது எங்களுக்கு எட்டாது. ஆனால் மலிவான புரோசஸரை வாங்கி, அதற்குக் குறித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட ஒரு வழி உண்டு. ஓவர்க்ளாக்கிங் என்பார்கள். அதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். எந்த மலிவுப் புரோசஸர் தாங்கும், எந்த மதர்போர்ட் வேகத்தை மாற்ற விடும் என்பதெல்லாம் மனப்பாடம். மொனிட்டரும் பெட்டியும் பழசாக இருந்தால் பரவாயில்லை. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பார்த்தால் எல்லாம் சேர்ந்து எரியும்.

சாமான் வாங்க அப்பாவும் இரத்தினபுரிக்கு வந்தார். தோட்டத்து பேக்டரியில் தேயிலை மூட்டை கட்டுகிற வேலை அவருக்கு. சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நம்ம வாய் இருந்தா இந்த நாட்டுல எங்கேயும் போய் வரலாம் என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கடையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் மதர்போர்டுக்குப் பெட்டியும் கிடையாது, கவரும் கிடையாது. புதுசென்றால் பளபளப்பான கவரில் வரும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்து, பேக்டரியில் கிழிந்துபோன தேயிலைச் சாக்கின் உள்பக்க வெள்ளித் தாளை அப்பா மடித்துக் கொண்டுவந்திருந்தார். தேயிலையையே காக்குது, இதைக் காக்காதா என்றார். ஆசையாகக் கொண்டுவந்தவரிடம் வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. வெள்ளித் தாள் பட்டால் ஷார்ட் ஆகிவிடும் என்று போர்டில் இருந்த வட்டமான சின்னப் பேட்டரியை மட்டும் கழற்றினேன். அதை அப்பா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. என் பையைத் திறந்தார்கள். வெள்ளித் தாள் சுற்றிய பொட்டலம். பவர் சப்ளையிலிருந்து கத்தையாகத் தொங்குகிற வயர்கள். புரோசஸருக்குப் பூசுகிற சாம்பல் நிறப் பசை, ஊசி மருந்துக் குழாய் மாதிரி ஒன்றில். அந்தப் பையை நான் அவர்கள் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அப்பா சிரித்த முகத்தோடு சிங்களத்தில் விளக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு, இவ்வளவு நல்ல சிங்களத்தை எங்கே பழகினாய் என்று கேட்டார்கள்.

"இங்கதான் மாத்தயா. பொறந்ததுல இருந்து இங்கதான்" என்றார் அப்பா.

அப்புறம் அவருடைய சட்டைப் பையைத் தடவினார்கள். பேட்டரி கையில் பட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள்.

அப்பாவைக் காப்பாற்ற நான் வாயைக் கொடுத்தேன். இதை அதன் அளவுக்கு மேல் ஓட்டப் போகிறோம், அப்போது ரொம்பச் சூடாகும், சூடு மிஞ்சினால் எரிந்துவிடும், அதற்குத்தான் இந்தப் பசை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறியது. அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி மணல் மூட்டைகளின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை. ஆனால் மகள் முன்னால், பஸ் ஜனம் முன்னால், வெற்று உடம்போடு மண்ணில் உட்கார்ந்திருந்தார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவரை எங்கேயாவது ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வருவாரா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

போர்டில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது, போன் நம்பரோடு. அழுது கெஞ்சி அந்த நம்பருக்குப் பேச வைத்தேன். அவர் சிங்களவர், எங்களை அன்றுதான் பார்த்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர்கள் மேசையிலேயே போர்டை வைத்து, பேட்டரியைத் தன் கையாலேயே பொருத்தி, கரண்ட் கொடுத்தார். விசிறி சுற்றியது. காவலுக்கு நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அப்பாவிடம் சட்டையைக் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது கடைக்காரர் என்னைச் சற்றுத் தள்ளிக் கூப்பிட்டார். "நங்கி, இனிமே நீங்க வராதீங்க. வேண்டியதை போன்ல சொல்லுங்க, நானே பஸ்ல போட்டு விடுறேன்" என்றார் சிங்களத்தில். தங்கச்சியிடம் சொல்கிற அக்கறைதான். அதைக் கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் கண்டக்டர் சிங்களத்தில் எங்கே என்று கேட்டபோது, ஊர்ப் பெயரை மட்டும் சொன்னார்.

கம்ப்யூட்டரைப் பொருத்தி முடித்தேன். வேகத்தைக் கூட்டினேன். கணக்கு தப்பவில்லை, நன்றாகவே ஓடியது. ஆனால் விசிறிச் சத்தம் ஏறும்போதெல்லாம் அப்பா வாசலில் வந்து நின்று, "சூடாகுதா புள்ள?" என்பார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. வேகத்தைப் பழையபடி குறைத்துவிட்டேன். வேலை மெதுவாகத்தான் நடந்தது, நடக்கட்டும் என்று விட்டேன்.

அப்பா அதற்குப் பிறகு சட்டைப் பையில் எதையும் வைத்ததில்லை. வெற்றிலையைக்கூட மடியில்தான் முடிந்துகொள்வார். டவுனுக்குப் போவதும் நின்றுபோனது.

சில வருசம் கழித்து அவர் இறந்தபோது புதுச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தோம். வழிக்கு இருக்கட்டும் என்று அம்மா அவர் பையில் வெற்றிலையும் ஒரு காசும் வைக்கப் போனார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று அன்றைக்கு எனக்கே சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது: அந்த வழியிலாவது என் அப்பாவை யாரும் நிறுத்தி, பையைத் தடவிப் பார்க்கக் கூடாது.