அட்டையில் ஒரு பிழை

எனக்கு அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற புத்தி உண்டு, மறைப்பதற்கில்லை. பதிப்பகத்தில் பக்கம் அமைப்பது என் வேலை. எதிர் மேசையில் புரூஃப் அக்கா, சிவப்புப் பேனாவோடு பிழை திருத்திக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார், குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத கணவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் நானூறு பக்க நாவலைக் கொண்டுவந்து முதலாளி முன்னால் வைத்தால் எனக்குத் தலை வெடிக்காதா?

"எப்பக்கா எழுதினீங்க?" என்று நச்சரித்தேன்.

"வீட்டுலதான். ஆபீஸ் புரூஃப்னு சொல்லிட்டு உக்காருவேன். சம்பளம் வர்ற வேலைன்னா யாரும் கூப்பிட மாட்டாங்க. கதை எழுதுறேன்னு சொல்லியிருந்தா, சும்மாதானே இருக்கே, துணிய மடின்னு சொல்லியிருப்பாங்க. தினம் ஒரு மணி நேரம், ஆறு வருஷம்."

ஆறு வருஷம்! என்னிடம் ஒரு ரகசியம் ஆறு நாள் தங்காது.

முதலாளி இரண்டே நாளில் படித்து முடித்து அக்காவை அழைத்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பிரமாதம்மா. ஆனா பொம்பளை பேரு போட்டா யாரு வாங்குவா? உன் வீட்டுக்காரர் பேரைப் போட்டுடலாம். போன்ல கேட்டுட்டேன், அவருக்கு ஒரே சந்தோஷம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ, "அட்டை புரூஃப் எப்ப சார் வரும்?" என்று மட்டும் கேட்டார். இந்த மனுஷிக்குக் கோபமே வராதா என்று மண்டையைக் குடைந்துகொண்டேன்.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒருமுறை முதலாளி கடைசி நிமிடத்தில் ஒரு மருத்துவ நூலில் கைவைத்ததில் பிழை புகுந்து, ஆயிரம் பிரதிகள் பழைய காகித எடைக்குப் போயின. அன்றைக்கு அவரே எழுதி ஒட்டியது: "புரூஃப் பார்த்தவர் கையெழுத்துப் போட்டபின் ஓர் எழுத்தையும் யாரும் மாற்றக் கூடாது. நான் உட்பட."

வியாழக்கிழமை அட்டை புரூஃப் வந்தது. அக்கா நிதானமாகப் பார்த்தார். கணவர் பெயரைச் சிவப்பில் அடித்தார். ஓரத்தில் தன் பெயரைத் தெளிவாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். திருத்தத்தைக் கணினியில் ஏற்ற வேண்டியவள் நான். வேலை போய்விடுமோ என்று ஒருமுறை யோசித்தேன். ஆனாலும் ஏற்றி அச்சுக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை முதலாளி அச்சான அட்டையோடு வந்து நின்றார். "யாரு இதை மாத்தினது?"

"பிழை இருந்துச்சு சார், திருத்தினேன்" என்றார் அக்கா.

"எதும்மா பிழை?"

"எழுதினவங்க பேரு."

முதலாளி வாயைத் திறந்தார். பிறகு சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். அவரே எழுதி ஒட்டியதுதான். அட்டையை அக்காவின் மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "வீட்டுக்காரருக்கு என்னக்கா சொல்லுவீங்க?"

அக்கா பேனாவை மூடினார். "பேரைக் குடுக்க ஓடி வந்தவரு, இன்னும் ஒரு பக்கம் புரட்டிப் பாக்கல. முதல் பிரதி அவருக்குத்தான். ஆறு வருஷமா நான் என்ன புரூஃப் பாத்தேன்னு படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."