அத்தை கொடுத்த ரத்தம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ‘பிரேக்’ என்று பேர். பக்கத்தில் இருப்பவர் பயப்படும் முன்பே தன் காலடியிலுள்ள பிரேக்கை மிதித்துவிடுவார். எதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சமாளித்துவிடலாம் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையோடுதான் மருத்துவமனைக்கும் போனார்.

அவருடைய அக்கா பள்ளி ஆசிரியை. பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தார். இதயத் தசை தடித்துப்போகும் நோய் என்றார்கள். பரம்பரையாக வரக்கூடியது என்பதால் மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். ஒரு மாற்றம் தென்பட்டது. நோய்க்கு அதுதான் காரணமா, இல்லை சும்மா இருக்கிற மாற்றமா என்று மட்டும் சொல்ல முடியவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கு இருக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் விளங்கலாம் என்று தம்பியின் ரத்தத்தையும் கேட்டார்கள்.

அவருக்கும் இருந்தது. ஸ்கேனிலோ தடிப்பு எதுவும் இல்லை; இதயம் கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருந்தது.

“அப்ப எனக்கு வருமா, வராதா?” என்று மரபணு ஆலோசகரான இளம்பெண்ணிடம் கேட்டார்.

“இப்போதைக்குத் தெரியாது சார்.”

“மேடம், நான் லைசென்ஸ் டெஸ்டுக்கு ஆள் அனுப்புறவன். பாஸ், இல்லன்னா ஃபெயில். நடுவுல ஒண்ணு உண்டா?”

“இதுல உண்டு சார். இந்த மாற்றத்தை ரொம்பக் கொஞ்சம் பேர்கிட்டதான் பார்த்திருக்கோம். நல்லதுன்னோ கெட்டதுன்னோ சொல்ல ஆதாரம் போதல.”

அன்றிலிருந்து சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்ப்பார். “சார், பச்சை விழுந்துடுச்சு” என்று கற்க வந்தவர் சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும் மகளிடம் ஒருநாள் ஓட வேண்டாம் என்றார், மறுநாள் ஓடு என்றார்.

“முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்கப்பா” என்றாள் அவள்.

அக்கா, தம்பி இருவரின் அப்பா காலமாகிவிட்டதால், அப்பாவின் அக்காவான அத்தையிடம் ரத்தம் கேட்டார்கள். எண்பதைத் தாண்டியும் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறவள்.

“என் ரத்தத்துல என்னடா இருக்கப்போகுது? கோவம்தான் இருக்கும்” என்றபடி கையை நீட்டினாள்.

அவளுக்கும் அதே மாற்றம் இருந்தது. இதயத்தில் தடிப்பின் சுவடே இல்லை. மாற்றம் தீங்கில்லாதது என்று சொல்ல அது ஒன்று மட்டும் போதாது என்றார்கள். பிறகு வேறு இடங்களிலும் ஆரோக்கியமான பலரிடம் அது தென்பட்டது. அறிக்கையை ‘பெரும்பாலும் தீங்கற்றது’ என்று மாற்றிவிட்டார்கள்.

வாயெல்லாம் பல்லாக அக்கா வீட்டுக்கு ஓடினார்.

அக்கா சிரிக்கவில்லை. “அப்ப எனக்கு ஏன்டா வந்துச்சு? இதாலதான்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டிருந்தேன். அதுவும் இல்லையா?”

அதே கேள்வியோடு மீண்டும் ஆலோசகரிடம் போனார்.

“காரணம் இன்னும் கண்டுபிடிக்காத வேற ஏதாவதா இருக்கலாம். அதனால நீங்களும் உங்க பொண்ணும் ஸ்கேனுக்கு வந்துட்டே இருக்கணும்.”

“தீங்கில்லன்னு சொன்னீங்களே!”

“அந்த மாற்றத்தத்தான் சார் அப்படிச் சொன்னோம்.”

சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று புரியாமல் வராந்தாவுக்கு வந்தார். பிறகு அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

“உனக்குப் புரிஞ்சுதாடா?”

“பாதி புரிஞ்சுதுக்கா.”

“எந்தப் பாதி?”



அக்கா மாத்திரையோடு பாடம் நடத்துகிறார். மகள் ஓடுகிறாள். ஸ்கேனுக்கு மூவரும் சேர்ந்தே போகிறார்கள். தம்பிக்கும் மகளுக்கும் இதுவரை ஒன்றும் தென்படவில்லை.