தறிக்குழியில் பெருகிய மீன்கள்

"குட்டி போட்ட அம்மா மீனே எதுக்குமா குட்டியத் தின்னுது?" என்று என் மகள் இனியா போன வாரம் கேட்டாள். செவிலிமேட்டில் எங்கள் வாடகை வீட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் கப்பி மீன், காலையில் ஈன்ற குட்டிகளில் பெரும்பாலானவற்றை அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் விழுங்கிவிட்டிருந்தது. அன்றிலிருந்து அதற்குத் தீனி போடமாட்டேன் என்கிறாள். இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமக்கும் எனக்கு, ஐந்து வயதுப் பெண் ஒரு தாயின்மேல் கொள்ளும் இந்தக் கோபம் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கிண்ணத்தைக் கழுவும்போது எழும் பாசி வாடை என்னை நேராக என் அம்மா வீட்டுத் தறிக்குழிக்குக் கொண்டுபோய்விடும். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தரையில் தோண்டிய பள்ளம் அது. நான் மூன்றாவது படித்த வருடம், ஐப்பசி மழை விடாமல் பெய்ததில் தாழ்வான எங்கள் தெருவில் குழிக்குள்ளேயே "ஊத்து" எடுத்து, மிதிகட்டை மூழ்கும்வரை தண்ணீர் ஏறியது. இறைக்க இறைக்க ஊறியது. அப்பா தறியில் ஏற்றியிருந்த பாவு நூலைச் சுருட்டிக் கட்டிவிட்டு, மேட்டுத் தெருவில் பெரியப்பாவின் தறி சும்மா இருக்கும் நேரமெல்லாம் அங்கே போய் நெய்தார்.

குழியில் கொசு பெருகியது. சாக்கடைக்கு மருந்தடிக்க வந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு பாலிதீன் பையில் சில கப்பி மீன்களைக் கொண்டுவந்தார். "இத வுடுங்கமா, ஒரு கொசுப்புழுவ வுட்டு வைக்காது," என்று அம்மாவிடம் கொடுத்தார். அவர் சொன்னபடியே நடந்தது. தின்னப் புழுவும், திரிய இடமும், ஒளிய மிதிகட்டைச் சந்தும் இருந்ததால் குட்டிகள் பிழைத்து, அவையும் குட்டி போட்டு, கார்த்திகை முடிவதற்குள் டார்ச் அடித்தால் குழி முழுக்க மினுமினுக்கும் அளவுக்குப் பெருகின. "நான் நெய்யலன்னு இதுங்க நெய்துக்கினு இருக்குதுங்க பாரு," என்று அப்பா சிரிப்பார்.

மார்கழியில் மழை நின்றது. தண்ணீர் இறங்கியது, புழுவும் தீர்ந்தது. பெரிய மீன்கள் குட்டிகளைத் துரத்தத் தொடங்கின. பசிதான் காரணம் என்று நான் சோற்றை அள்ளிப் போட்டேன். தண்ணீர் வெளுத்து நாறி, சில மீன்கள் செத்து மிதந்தன. "சோறு போட்டாப்ல ஆச்சாடி? அதுங்க திரும்பிப் படுக்கக்கூட எடம் இல்ல," என்றாள் அம்மா.

தையில் கல்யாணச் சேலைகள் கொடுக்க வேண்டும், குழி காய வேண்டும். "நாளைக்குத் தண்ணிய எறைச்சு வாசல்ல ஊத்திடறேன்," என்றார் அப்பா. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நம்ம வீட்டுக் கொசுவத் தின்னதுங்கள தெருவுல ஊத்துவீங்களா?" என்று அம்மா கேட்டாள். வீட்டிலிருந்த சொம்பு, டம்ளர் எல்லாவற்றிலும் மீனை மொண்டு, கல்யாணத் தட்டுகளில் அடுக்கி, என் கையில் ஒன்றைக் கொடுத்து முன்னால் நடந்தாள். எதிர்வீட்டு சரசக்கா சும்மா இருப்பாரா? "இன்னாக்கா, வரிசைத் தட்டு போவுது! பாப்பாவுக்கு அதுக்குள்ள மாப்ள பாத்துட்டியா?"

"மாப்ளதான் சொம்புல நீந்திக்கினு இருக்காரு. உன் வீட்டு டிரம்ல ரெண்டு மாப்ளைங்க வுடட்டுமா?"

தெரு சிரித்தது, ஆனால் ஒரு வீடும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழி காய்ந்து எங்கள் தறி மறுபடி சத்தம் போட்டது. பள்ளி விட்டு வரும் வழியில் நான் வீடு வீடாகப் புகுந்து பார்ப்பேன். பெரியப்பா வீட்டுப் பாசி படிந்த சிமெண்ட் தொட்டியில் அவை கூட்டமாகிவிட்டன. சரசக்காவின் டிரம்மிலோ எத்தனை விட்டாலும் கொஞ்ச நாளில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். ஒரே குழியிலிருந்து போன மீன்கள்தான். அந்தந்தத் தண்ணீர், தான் தாங்கும் அளவுக்குத்தான் அவற்றை வைத்துக்கொண்டது. மற்ற எதில் தயங்கினாலும் இதை நான் உறுதியாகச் சொல்வேன், கண்ணால் பார்த்தது.

இப்போது அந்தக் குழியைக் கான்கிரீட் போட்டு மூடி, தறியைத் தரைக்கு மேலே ஏற்றிவிட்டோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தெருவில் எல்லோரும் மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டிக்கு மாறிவிட்டார்கள். கப்பி மீன் ஒரு வீட்டிலும் இல்லை. தட்டேந்திப் போனாலும் ஊற்றுவதற்குத் திறந்த தண்ணீர் இல்லை.

நேற்று இனியா, கிண்ணத்தில் மிதக்கும் செடியின் வேருக்குள் ஒளிந்து தப்பித்த குட்டிகளைக் கண்டுபிடித்துவிட்டாள். தனி பாட்டிலில் விடச் சொல்கிறாள். விட்டால் எல்லாம் வளரும், பிறகு எங்கே வைப்பது? விடாவிட்டால் நாளை அவள் கண் முன்னாலேயே நடக்கும். யோசித்துக்கொண்டே நின்ற என் வயிற்றில் கை வைத்து, மெதுவாகக் கேட்டாள்: "பாப்பா வந்தா நம்ம வீட்ல எடம் பத்துமாமா?"

பத்தும் என்று உடனே சொன்னேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நம்பவில்லை.

தண்ணீரின் கணக்கு வேறு, வீட்டின் கணக்கு வேறு என்று ஐந்து வயதுக்கு எப்படிச் சொல்வது? இரண்டாவது பிள்ளையை முதல் பிள்ளையின் கையில் கொடுத்த அம்மாக்கள் யாராவது, அன்று என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதுவரைக்கும் குட்டிகள் பாட்டிலில் இருக்கட்டும்.