பேக்கைத் தர மறுத்த தம்பி

போன வாரம் முழுக்க என் வீட்டு ஹாலில் ஒரு பேக் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. டூர் போக அல்ல... பிரசவத்துக்கு!

தம்பி மனைவி கலாவுக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவம் திருவனந்தபுரத்தில், என் பொறுப்பில். தம்பி இசக்கி திருநெல்வேலியிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகிறது. இங்கே தம்பானூரில் ஓட்டல் வேலை. மலையாளம் பாதி புரியும். மீதியை அவனே நிரப்பிக்கொள்வான்.

பேக் அவன் இலாகா. நைட்டி, பிளாஸ்க், ஸ்கேன் ரிப்போர்ட், சார்ஜர்... அடுக்குவான். திடீரென்று சந்தேகம் வந்து எல்லாவற்றையும் கொட்டுவான். பக்கெட்டைக்கூட உள்ளே திணிக்கப் பார்த்தான் என்றால் நம்புவீர்களா?

குழந்தைக்கு மட்டும் புதுசாக எதுவும் கிடையாது. பிறப்பதற்கு முன்னால் புதுத்துணி வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போன வருடம் கரு கரைந்துபோன வீடு வேறு. பயம் இருக்காதா? பழைய வேட்டியைத் துவைத்து, கிழித்து, மடித்து வைத்தான். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துவைத்தான்!

வியாழக்கிழமை காலையில் வலி எடுத்தது. ஆட்டோவில் கலாவுக்கு முன்னால் பேக் ஏறிவிட்டது.

லேபர் ரூம் வாசலில் பேக்கை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், நர்ஸ் கதவைத் திறந்து அவனிடம் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

"குஞ்ஞு கரஞ்ஞு, கேட்டோ. துணி தரூ."

அவன் தரவில்லை. பேக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"கரைஞ்சு போச்சாம்க்கா... இனி துணி எதுக்கு?"

எத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்... எனக்கே புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

"ஏலே, பிள்ளை அழுதிருக்குலே! துணியக் குடு."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. பேக்கை நானே பிடுங்கித் திறந்து துணியை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வேட்டித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்கள் — பெண்பிள்ளை! கத்துகிற கத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தெரியாத மொழி என்றால் நாலு பேரிடம் கேட்போம். பக்கத்து மொழிதானே, புரியும் என்று நினைக்கிறோம் பாருங்கள்... அங்கேதான் கவிழ்கிறோம்.

மலையாளத்தில் கரைவது என்றால் அழுவது. மகளைக் கையில் வாங்கிய என் தம்பி, இரண்டு மொழியிலும் கரைந்தான்.