பிரிக்காத சோற்றுப் பார்சல்

இப்போது பள்ளிக்கூடங்களில் சோறு சுற்றும் லஞ்ச் சீட் கூடாது என்கிறார்கள். வீட்டில் சமைத்து இலையில் கட்டிக் கொடுங்கள், பொலித்தீன் மண்ணைக் கெடுக்கும், மாடு தின்றால் செத்துப்போகும் என்று பெற்றோர் கூட்டத்தில் படம் காட்டி விளக்குகிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் லஞ்ச் சீட் நின்றுபோனது மண்ணுக்காகவும் இல்லை, மாட்டுக்காகவும் இல்லை. என் மகள் பட்டினி கிடந்து செத்துவிடுவாளோ என்ற பயத்தில்.

சுனாமியில் கடல் வந்து போனபின், கல்முனைக் கடற்கரைத் தெருவில் எங்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்தான் மிச்சம். மூன்று வயது மகனைக் கடல் கொண்டுபோய், உயிரில்லாமல் திருப்பித் தந்தது. மேற்கே வயலோரத்தில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டில் கிடைத்தது. அதில் நானும் கணவரும் பத்து வயது மகளும். மகளின் பள்ளிக்கூடமும் இடிந்துபோனதால் வேறொரு பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பு வைத்தார்கள். மத்தியானத்துக்கு முன்னமே வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் வருவாள். சோற்றைக் கட்டித்தான் கொடுக்க வேண்டும். நிவாரணச் சாமானோடு லஞ்ச் சீட் ஒரு கட்டு வந்திருந்தது. அதில் சோற்றைச் சுற்றி, மேலே பேப்பரும் சுற்றிக் கொடுத்தேன். கொடுத்தது கொடுத்தபடியே திரும்பி வந்தது.

மீன்தான் காரணம் என்று நினைத்தேன். அந்த நாட்களில் ஊரில் பாதிப்பேர் கடல் மீனைத் தொடவில்லை. அதனால் முட்டை பொரித்து வைத்தேன். பருப்பும் கத்தரிக்காயும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் புளித்து மணந்துகொண்டு திரும்பி வந்தன. வீட்டில் பீங்கானில் போட்டுக் கொடுத்தால் இரண்டு வாய் கொறிப்பாள், அவ்வளவுதான். கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது. சட்டை தோளில் நிற்கவில்லை. ஏசினேன், கெஞ்சினேன், நேர்ச்சை வைத்தேன். ஒன்றைக் கடலுக்குக் கொடுத்தேன், மற்றதைப் பசிக்கும் கொடுக்க வேண்டுமா என்று அல்லாஹ்விடமே சண்டை பிடித்தேன்.

ஒருநாள் வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள். டீச்சர் ஓட்டோவில் ஏற்றி டொக்டரிடம் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விட்டார். இனியும் சாப்பிடாவிட்டால் வார்ட்டில் வைத்து சேலைன் ஏற்றத்தான் வேண்டும் என்று டொக்டர் சொன்னாராம். பையைத் திறந்தால் பார்சல் அப்படியே கிடக்கிறது. எனக்கு விசர் பிடித்துவிட்டது. அதைத் தூக்கி அவள் முன்னால் வைத்தேன்.

"இப்ப எண்ட கண்ணுக்கு முன்னால அவுத்துத் தின்னு புள்ள."

பேப்பரை விரித்தாள். உள்ளே இருந்த சீட்டில் கை வைக்கவில்லை.

"ஏலா உம்மா. தம்பியையும் இதுமாதிரிச் சீட்டுலதானே சுத்தின."

"ஆரு சொன்ன? தம்பிக்கு வெள்ளைத் துணியில கபன் போட்ட. வாப்பாதானே சொன்னாரு."

"இல்ல உம்மா. கூடாரத்துப் பொலித்தீன்லதான் சுத்திக் கொண்டுபோன. நான் வாப்பாவோட போனன். அவன்ட முகம் அதுக்குள்ளால தெரிஞ்ச."

அன்று நான் கால் கிழிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கிடக்காவிட்டாலும் எங்களில் பெரிய பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. ஜனாஸா எப்படி அடங்கியது என்று ஆண்கள் வந்து சொன்னால்தான் உண்டு. வெள்ளைத் துணியில் கபனிட்டு, தொழுவித்து, நல்லபடியாக அடக்கிவிட்டோம் என்று கணவர் கட்டிலடியில் நின்று சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழும்பி நடந்தேன், அடுப்பு மூட்டினேன், சோறு வடித்தேன். என் பிள்ளையைச் சுற்றியது போன்ற ஒன்றில்தான் நாள்தோறும் சோற்றைச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். வாசலில் நின்ற கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

அடுத்த நாள் சுபஹு தொழுததும் அவர் சோறு கட்ட இலை தேடி முதல் பஸ்ஸில் சாகாமத்துக் குளத்துக்குப் போனார். கடலோரத்து வாழையெல்லாம் உப்புத் தண்ணீரில் கருகிப் போயிருந்தன. சாகாமத்து வயல்களில் உழவு மெஷின் ஓட்டியவர் என்பதால் அந்தக் குளம் அவருக்குப் பழக்கம். இறங்கித் தாமரையிலை பறித்து, ஈரச் சாக்கில் சுற்றி, மகள் வெளிக்கிடும் நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தார்.

இலையில் சோற்றைப் போட்டுப் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தேன். மடித்து ஈர்க்குக் குத்தி மகளிடம் நீட்டினேன். இதுவும் திரும்பி வந்தால் எனக்கு வேறு வழி இல்லை. அவள் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள், மணந்து பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, வாசலிலேயே குந்தி ஈர்க்கை இழுத்தாள். பெரிய பெரிய கவளமாக அள்ளித் தின்றாள்.

அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டே கணவரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒரு முழம் வெள்ளைத் துணி கூடவா கிடைக்கல்ல?"

"கடையெல்லாம் கடலோட போயிட்டு. கிடந்த துணி முதல் வந்த ஜனாஸாக்களுக்கே காணல்ல." ஈரச் சாக்கை உதறி மடித்தார். "மையவாடியில முகம் தெரியுதெண்டு மகள் அண்டைக்கு ஓதப் போட்டுக்குப் போன வெள்ளைப் பர்தாவக் கழட்டித் தந்த. அது முகத்த மூட மட்டுந்தான் காணும் புள்ள."

நான் மகளைப் பார்த்தேன். இலையை வழித்துத் தின்று முடித்துவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தாங்க உம்மா" என்றாள்.

பானையை அப்படியே இழுத்து அவள் முன்னால் வைத்தேன்.