சுனந்தா சொன்னால் மட்டும்

இன்று மகர்பட்டா பூங்காவில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தலையில் அடிபட்டவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிற நாங்களும் சேர்ந்திருந்தோம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு மணி நேரம் ஆளை மாற்றிக்கொள்வோம். என் கணவர் முரளி சுனந்தாவிடம் போனார், அவள் கணவர் என்னிடம் வந்தார்.

விபத்தில் வலுவிழந்த கையால் ரப்பர் பந்தை அழுத்துங்கள் என்று வாரம் முழுக்கக் கெஞ்சுகிறேன். தொடக்கூட மாட்டார். சுனந்தா இந்தியில், "முரளி பையா, தோடா அவுர்", அண்ணா இன்னும் கொஞ்சம், என்றதும் சமர்த்தாக அழுத்துகிறார்!

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "அவ சொன்னா செய்றீங்க, நான் சொன்னா மட்டும் ஏன் செய்யறதில்ல?"

இப்போதெல்லாம் வார்த்தையைத் தேடித்தான் பேசுவார். தேடினார்.

"அவங்க... கேக்கறாங்க. நீ... அதட்டற."

யோசித்துப் பேசும் திறன் குறைந்திருக்கும் என்றார் டாக்டர். எனக்கு அப்படித் தெரியவில்லை. உங்களுக்கு?