சோளம் நடந்த படம்

என் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் லாரிக்கு வர்ணம் அடிக்கும் பட்டறை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. காலையில் அவர்கள் தின்னர் டப்பாவைத் திறந்தால் போதும், பழுத்துக் கறுத்துப்போன வாழைப்பழ வாசனை தெருவெல்லாம் பரவிவிடும். போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் பஞ்சர் ஒட்டுகிற கையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுகிறேன். பட்டறைப் பையன்கள் எனக்குப் போதை ஏறிவிட்டது என்று சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத் தைரியம் இல்லாததால் உங்களுக்குச் சொல்கிறேன்.

அறுந்துபோன சினிமாச் சுருளை ஒட்டுகிற பசைக்கும் இதே வாசனைதான். யுத்த காலத்தில் அந்த வாசனை எங்கள் வீட்டுச் சோற்றில்கூட வீசியது. அக்காளின் புருஷன் திருத்தணி டூரிங் கொட்டகையில் ஆபரேட்டர். ரயில் ஸ்டேஷனிலிருந்து மலைக்குப் போகிற வழியில், வேர்க்கடலை பிடுங்கிய கொல்லை ஒன்றில் அந்தக் கொட்டகை இருந்தது. அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். அது தெலுங்கு வார்த்தைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் தமிழில் சாப்பிட்டுத் தெலுங்கில் திட்டிக்கொள்கிற குடும்பங்களே அதிகம். கொட்டகையிலும் ஒரு வாரம் தமிழ்ப் படம், ஒரு வாரம் தெலுங்குப் படம். கூட்டம் மட்டும் மாறாது.

நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவன். கொட்டகை முதலாளி முதலில் என்னை மாட்டு வண்டியில் ஏற்றி, கையில் ஒரு தகரக் குழாயைக் கொடுத்து, தெருத்தெருவாகப் படத்தின் பேரைக் கூவச் சொன்னார். மூன்று தெரு தாண்டியும் எனக்குக் குரல் எழும்பவில்லை. வண்டிக்காரர் குழாயைப் பிடுங்கித் தானே கூவினார். அன்று சாயங்காலமே முதலாளி பாவாவிடம், “உன் மச்சான இஸ்துகினு போய் உள்ள வெச்சிக்கோ. அங்க பேசவே வோணாம்” என்று சொல்லிவிட்டார். இப்படித்தான் என் கூச்சத்துக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது.

உள்ளே என்றால் தகரம் அடித்த மிஷின் அறை. நடுவில் கரிக்குச்சி எரியும். அந்த வெளிச்சம்தான் திரைக்குப் போகிறது. புகை எங்களுக்கு. பாவாவுக்கு அப்போதே இருமல். அரக்கோணத்து டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, மருந்து எழுதாமல், “அந்த ரூமை விட்டு வெளியே வந்தால் பிழைப்பாய்” என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து என்ன வேலை செய்வது என்பதை டாக்டர் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரயிலில் படப்பெட்டி வந்தவுடன் எல்லாச் சுருளையும் பிரித்து, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கிழிசல் இருந்தால் வெட்டி ஒட்ட வேண்டும். பார்க்காமல் மாட்டினால் நடு ஆட்டத்தில் அறுந்துவிடும். அப்புறம் மணல் தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலை எங்கே வீசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இந்த வேலையைப் பாவா வீட்டுக்கு எடுத்து வந்து அக்காளிடம் கொடுப்பார். அக்காள் பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் வளர்ந்தவள், பாவில் அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டே தேடி முடிகிற கை. (எங்கள் அப்பா என்னையும் தறியில் உட்கார வைத்துப் பார்த்தார். நான் நெய்த துணியைக் கழுதைகூடத் திரும்பிப் பார்க்காது என்று அவர் சொன்னதோடு அந்தக் கதை முடிந்தது.) முற்றத்தில் வெள்ளை வேட்டி விரித்த கூடையில் சுருள் விழ விழ, அக்காள் பாட்டு முனகிக்கொண்டே தடவிப் பார்ப்பாள். அவள் கை பட்ட படம் எங்கள் கொட்டகையில் அறுந்ததே இல்லை.

அந்த நாளில் பெரிய படத்துக்கு முன்னால் சர்க்கார் கொடுக்கிற யுத்தச் செய்திப் படத்தைக் கட்டாயம் போட வேண்டும். துண்டுப் படம் என்போம். டாங்கி போகும், விமானம் போகும், யாரோ கை குலுக்குவார்கள். ஜனங்கள் அந்த நேரத்தில்தான் பீடி வாங்கப் போவார்கள். ஒரு வாரம் வந்த துண்டுப் படத்தில் டாங்கியும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு கிழிந்த சட்டை. அதிலிருந்து பித்தான்கள் தாமாக இறங்கி வரிசையாக நடக்கின்றன. மேஜை ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்துப் பயந்து பின்வாங்குகின்றன. ஒரு ஊசி வந்து அவற்றை அதட்டி அழைத்துப் போய்ச் சட்டையில் தைக்கிறது. துணியை வீணாக்காதே என்று சொல்ல வந்த படம். வெளிநாட்டுக்காரன் யாரோ எடுத்தது. பீடி வாங்கப் போனவன் பாதி வழியில் நின்றுவிட்டான். முடிந்ததும் ஒரு கிழவர், குட்டிச்சாத்தான் வேலை என்று சொல்லித் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் பாவா அந்தச் சுருளை வீட்டு முற்றத்தில் வெயிலுக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். சாப்பிட எழுந்திருக்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

“தோ பாருடா. இந்தக் கட்டத்துல பித்தான் இங்க கீது. அடுத்ததுல ஒரு நூல் தள்ளிக் கீது. ஒவ்வொரு தபாவும் எவனோ கையால நவுத்தி நவுத்தி எடுத்துக்கிறான். இதுக்கு நடிகன் வோணாம், பாட்டு வோணாம், அரமண செட்டிங் வோணாம். உங்க அக்கா கையி போதும்டா.”

அக்காள் அடுப்படியிலிருந்து, “என் கைய சினிமால காட்டினா எங்க அப்பன் வெட்டிப் போட்டுடுவான்” என்றாள்.

“கை தெரியாதுடி. தெரிஞ்சா தோத்துட்டோம்னு அர்த்தம்.”

பாவாவுக்கு மெட்ராஸ் ஸ்டுடியோ ஒன்றில் காமிராப் பிரிவு ஆள் ஒருவர் பழக்கம். அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், சும்மா வேலை கேட்டால் சேர்க்கமாட்டார்கள், உன் கையால் எதையாவது எடுத்துக்கொண்டு வா, காட்டிச் சேர்த்துவிடுகிறேன் என்று. இப்போது காட்ட ஒன்று இருக்கிறது என்று பாவாவுக்குத் தோன்றிவிட்டது. அந்தத் தகர அறையிலிருந்து வெளியே போக அவருக்கு வேறு கதவு இல்லை. அக்காளுக்கும் அது தெரியும். இரவில் அவர் இருமும்போது அவள் எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

பாவா தன் சைக்கிளை விற்றுவிட்டு மெட்ராஸ் போய், மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய காமிராவை வாங்கி வந்தார். பேசாத படக் காலத்தது. பேசும் படம் வந்த பிறகு அதன் கடகட சத்தத்துக்காக ஒதுக்கப்பட்டது. கைப்பிடியை மாட்டச் சின்னதாக இன்னொரு துளை இருந்தது. அதில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரே ஒரு படம் விழும். விற்றவனுக்கு அது எதற்கென்று தெரியவில்லையாம். பாவா அதை மட்டும் பத்துத் தடவை சொன்னார். யுத்தத்தில் வெறும் பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த ஸ்டுடியோ நண்பர், எடுத்தது போக மிஞ்சிய துண்டு ஒன்றை, இரண்டு வெற்றிலை மெல்லுகிற நேரம் ஓடக்கூடியது, கறுப்புத் தாளில் சுற்றித் தகர டப்பாவில் கொடுத்தனுப்பினார். அதைக் கம்பளிக்குள் தலையை விட்டு இருட்டில்தான் காமிராவில் ஏற்ற வேண்டும், படம் விழும்முன் வெளிச்சம் பட்டால் பாழ் என்று பாவா எங்களிடம் சொல்லி வைத்தார்.

கதை அக்காளுடையது. அப்போது ரேஷனில் அரிசிக்குப் பதில் பாதி சோளம். ஒரு மூட்டையிலிருந்து சோளம் தாமாக இறங்கி, வரிசை கட்டி, முற்றத்தைத் தாண்டி, வாசற்படி ஏறி, ஒரு காலிப் பானைக்குள் போகிறது. அவ்வளவுதான். ஒரே ஒரு சோளம் மட்டும் கல் இடுக்கில் விழுந்துவிடுகிறது. மற்றவை திரும்பி வந்து அதைச் சுற்றி நிற்கின்றன. அந்த இடத்தை அக்காள் சொன்னதும் பாவா எழுந்து போய் முற்றத்தில் அதற்கேற்ற கல் இடுக்கைத் தேட ஆரம்பித்தார்.

வெயில் சரியாக விழுகிற நேரத்தில் மட்டும் எடுப்போம். அக்காள் குனிந்து ஒவ்வொரு சோளத்தையும் ஒரு நூல் நகர்த்திவிட்டுக் கையை எடுப்பாள். பாவா ஒரு சுற்றுச் சுற்றுவார். மறுபடி அக்காள். எனக்குக் குருவி விரட்டுகிற வேலை. நடிகர்களைத் தின்ன எங்கிருந்தோ குருவிகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு தடவை நான் படத்தில் விழுந்துவிடுவேனோ என்று தயங்கி நின்றபோது அக்காள், “கதாநாயகன தூக்கிகினு போவுதுடா. குருவிகிட்ட கூடவா உனக்குக் கூச்சம்?” என்றாள். பாவாவுக்குச் சிரிப்பு வந்து, இருமல் வந்து, அன்றைக்கு வேலை நின்றுவிட்டது. அந்த மாதிரி நாட்கள் எங்கள் வீட்டில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

எடுத்து முடித்ததும் பாவா சுருளைக் கம்பளிக்குள் கழற்றி டப்பாவில் வைத்தார். மெட்ராஸ் கொண்டுபோய் மருந்தில் கழுவினால்தான் உருவம் தெரியும். வெள்ளிக்கிழமை போவதாகப் பேச்சு. முந்தின நாள் நானும் பாவாவும் ஸ்டேஷனில் புதுப் படத்துப் பெட்டியை இறக்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். முற்றத்தில் நல்ல வெயில். அக்காள் கூடையில் வெள்ளை வேட்டி விரித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் எங்கள் டப்பா திறந்திருந்தது. சுருள் முழுவதும் கூடைக்குள் விழுந்திருந்தது. சாம்பல் நிறமாக, எதுவும் இல்லாமல்.

அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது. “எங்கியும் கிழிசல் இல்ல மாமா. முழுக்கத் தடவிப் பாத்துட்டேன். மெட்ராஸ்காரன் ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா படம் ஒண்ணியும் தெரியலியே?”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. படம் விழும்முன் வெளிச்சம் ஆகாது என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. மருந்தில் கழுவும்வரைக்கும் ஆகாது, பட்டால் எல்லாம் அழிந்துபோகும் என்று யாரும் சொல்லவில்லை. விழுந்த பிறகு இதுவும் மற்றப் படம் மாதிரிதான் என்று நினைத்துவிட்டாள். அத்தனை வருஷமாக அவள் கைக்கு வந்த பிலிம் எல்லாம் வெயிலில் பிடித்துப் பார்க்கிற பிலிம். ஊருக்கு அனுப்புமுன் தடவிப் பார்க்காமல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

பாவா பெட்டியை இறக்கி வைத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முனையை எடுத்து மெதுவாகத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

“கழுவினாத்தான் தெரியும். நீ பாத்ததும் நல்லதாப் போச்சு” என்றார்.

என்னைப் பார்க்கவில்லை. நான் வாய் திறக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அக்காள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு நாங்கள் இருவரும் ரயில் ஏறினோம். அரக்கோணத்தில் பாவா இறங்கிவிட்டார். மெட்ராஸ் வண்டி வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு சிமெண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். “அந்தாளுகிட்ட இன்னான்னு சொல்றது” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். என்னிடம் இல்லை. சாயங்கால வண்டியில் திரும்பினோம். டப்பா பெஞ்சிலேயே இருந்தது. நான் எடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

வாசலிலேயே நின்றிருந்த அக்காளிடம், “பாத்தாங்க. அந்தக் கல் இடுக்கு நல்லா கீதுன்னாங்க. எங்கனா கொட்டாய்ல போடுவாங்களாம். எனக்கு வேலதான் இப்போ இல்லியாம்” என்றார்.

பாவா மறுபடி அந்தத் தகர அறைக்கே போனார். வேறு பிலிம் கிடைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. தேசம் விடுதலையான அடுத்த ஆடிக்குள் போய்விட்டார். கரிப் புகை தின்ற நெஞ்சு அவ்வளவுதான் தாங்கியது.

அதற்குப் பிறகு அக்காள் படம் பார்க்கப் போகிற விதமே மாறிவிட்டது. புருஷன் போனவள் சினிமாவுக்குப் போகிறாளே என்று தெருவில் பேசினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. வாசல் திறக்குமுன் போய் நிற்பாள். விளக்கு அணைந்ததிலிருந்து துண்டுப் படம் முடிகிறவரைக்கும் இமைக்கமாட்டாள். அணைக்கட்டு வரும், வெள்ளம் வரும், மந்திரி வருவார். பெரிய படம் தொடங்கியதும் சாய்ந்துகொள்வாள். “நம்முளுது இன்னும் வரலியேடா” என்பாள். பள்ளிப்பட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் அங்கே கொட்டகை இருந்தால் இழுத்துக்கொண்டு போவாள். ஊர் ஊராக அந்தச் சோளத்தைத் தேடினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “வரும்க்கா” என்பேன். வேறு என்ன சொல்ல முடியும், சொல்லுங்கள்.

கொட்டகையைப் பிரித்து எவ்வளவோ காலமாகிறது. அந்தக் கொல்லையில் இப்போது பஸ்கள் நிற்கின்றன. முதலாளி இல்லை, மிஷின் இரும்புக் கடைக்குப் போயிற்று, பழைய காமிராவை நான்தான் யாருக்கோ கொடுத்தேன். நாங்கள் மூன்று பேர் எடுத்த படத்தை நாங்கள்கூடப் பார்த்ததில்லை.

போன மாதம் அக்காளைக் கல் கட்டிடத்துப் புதுத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். பஸ் தாமதம். நாங்கள் போய்ச் சேரும்போது உள்ளே துண்டுப் படத்தின் சங்கீதம் கேட்டது. நான் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கதவுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அக்காள் வரவில்லை. வெளியே தள்ளுவண்டிக்காரனிடம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, போட்டுட்டாங்க” என்றேன்.

“ஆங், போடட்டும். நம்முளுது வராதுடா” என்றாள். பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கடலையாகத் தோலை ஊதித் தின்ன ஆரம்பித்தாள்.